பழந்துணிக் கடையில் ஒட்டிய பொட்டு

நைரோபியில் வந்து இறங்கும்போதே திரும்பிப் போகிற டிக்கெட்டும் என் கைப்பையில் இருந்தது. பத்தாம் நாள், வியாழக்கிழமை, மதிய விமானம். எனக்கும் மகளுக்கும் சேர்த்து ஒரே தாள். அதை நான்காக மடித்து, தலைவலி மாத்திரை வைக்கிற உள் ஜிப்பில் வைத்திருந்தேன். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை ஜிப்பைத் திறந்து அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன்.

என் கணவர் தையல் மெஷின் மெக்கானிக். திருப்பூரில் பல கம்பெனிகளில் வேலை பார்த்துவிட்டு, இரண்டு வருடத்துக்கு முன்பு நைரோபிக்கு வெளியே இருக்கும் ஒரு ரெடிமேட் கம்பெனிக்கு வந்தார். இந்த வருடம் அவரை இன்னும் மூன்று வருடம் இருக்கச் சொல்லிக் கேட்டார்கள். குடும்பத்தோடு இருப்பதானால் வீடும் தருகிறோம் என்றார்கள். அவர் எனக்குப் போன் செய்தார்.

"பத்து நாள் வந்து பாரு புள்ள. புடிச்சுதுன்னா மூணு பேரும் ஒட்டுக்கா இருந்துக்கலாம். புடிக்கலைன்னா நீங்க ரெண்டு பேரும் போயிருங்க. நான் மட்டும் மூணு வருசத்த ஓட்டிட்டு வந்தர்றேன். உன்ற முடிவுதான்."

உன்ற முடிவு என்று சொன்னதுதான் எனக்குப் பெரிய தொந்தரவாகப் போய்விட்டது. டவுன் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால்கூடக் கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் யாராவது இறங்கும்போது கூடவே இறங்கி, திரும்பி நடந்து வருகிறவள் நான். நான் சரி என்றால் சேர்ந்திருப்போம், வேண்டாம் என்றால் மூன்று வருடம் பிரிந்திருப்போம் என்பதை என் தலையில் வைத்துவிட்டார்.

எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். பத்தொன்பது வருடமாக ஒரே பனியன் கம்பெனியில் செக்கிங். ட்யூப்லைட் தொங்கும் நீள மேஜை. தைத்து வருகிற பீஸை உட்புறம் திருப்பிப் போட்டு, தையல் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போவோம். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நீட்டிக்கொண்டிருக்கும் பிசிரை டிரிம்மர் என்கிற குட்டிக் கத்தரியால் வெட்ட வேண்டும். நல்லது வலதுபக்கம், ஆல்டர், அதாவது சரிசெய்யக்கூடியது இடதுபக்கம், உதவாதது கீழே கூடையில். ஸ்டிக்கர் தீர்ந்து, ஸ்டோரில் கேட்டு வர நேரமில்லை என்றால் கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு எடுத்து ஒட்டிவிடுவோம். செக்கிங்கில் இருக்கிற எந்தப் பெண்ணின் பையைத் திறந்தாலும் ஒரு டிரிம்மரும் ஒரு அட்டை சிவப்புப் பொட்டும் இருக்கும்.

பதினைந்து நாள்தான் லீவு கொடுத்திருந்தார்கள். நான் கிளம்பும்போதே சூப்பர்வைசர் அக்கா சொல்லி அனுப்பினார்: "பதினாறாம் நாளு வரலைன்னா சன்னல் ஓரத்து எடத்துல வேற ஆளு உக்காந்திருக்கும். அப்பறம் வந்து எங்கிட்ட மூஞ்சியத் தூக்கக் கூடாது."

மகள் அப்போது பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். அவளுக்கு வெளிநாடு என்றதும் காலே தரையில் பாவவில்லை. நைரோபிப் படங்களை எல்லாம் போனில் பார்த்து முடித்து, எந்தப் பள்ளிக்கூடத்தில் என்ன நிறத்தில் ஸ்வெட்டர் என்பதுவரை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த நாட்டில் பாலிதீன் பைக்குத் தடை என்று கணவர் முன்னாடியே சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் அரிசி முதல் சாக்ஸ் வரை எல்லாமே பனியன் பேக்கிங் கவரில்தான் இருக்கும். நான் ஒரு வாரம் உட்கார்ந்து கட்டிங் வேஸ்ட் துணியில் பைகளாகத் தைத்தேன். மிளகாய்த்தூளுக்கு ஒரு பை, பருப்புப்பொடிக்கு ஒரு பை. கடைசியில் விமான நிலையத்தில் பெட்டியை ஒருவரும் திறக்கவே இல்லை. "இதுக்கா ஒரு வாரம் தெச்ச?" என்று மகள் சிரித்தாள். எனக்கு என்னவோ ஏமாற்றமாக இருந்தது.

நாங்கள் வந்து இறங்கியது செவ்வாய்க்கிழமை காலை. தூறிக்கொண்டிருந்தது. சித்திரை மாதத்தில் திருப்பூரில் தார் உருகுகிற நேரத்தில் இங்கே தோள் நடுங்கியது. கணவர் கம்பெனி வேனில் வந்து அழைத்துப் போனார். வழியில் சாலையோர மரங்களின் உச்சியில் இடுப்பளவு உயரத்துக்குப் பறவைகள் உட்கார்ந்திருந்தன. மொட்டைத் தலை, கழுத்தில் தொங்கும் பை, நனைந்த கோட்டுப் போட்ட கிழவர் மாதிரி.

"அதுக கீழ மட்டும் நிக்காதீங்க" என்றார் கணவர். "மேல போட்டுருச்சுன்னா குளிச்சாலும் போகாது."

வீடு நாலாவது மாடி. கீழே பெரிய இரும்புக் கேட்டும் மதிலுக்கு மேல் கம்பிகளும் இருந்தன. கேட்டில் தொப்பி போட்ட காவலாளி ஒருவர். எங்களைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்து "கரிபு, மாமா" என்றார்.

மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அப்பா, அம்மாவப் போயி மாமாங்கறாரு!"

"வயசுல பெரிய பொம்பளைங்களுக்கு இங்க அதான் மரியாதை. கரிபுன்னா வாங்க. சரிங்கறதுக்குச் சாவா. இந்த ரெண்டு மட்டும் தெரிஞ்சா பொழைச்சுக்கலாம்."

முதல் மூன்று நாள் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கணவர் காலை ஆறரைக்கு வேனில் போனால் மாலைதான் வருவார். வந்த அன்றே சன்னல் கண்ணாடி எல்லாம் துடைத்துவிட்டேன். அடுத்த நாளும் அதையே துடைத்தேன். சமையல் பாத்திரங்களை அலமாரியில் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கி, பிறகு சிறிதிலிருந்து பெரிதாக மாற்றி வைத்தேன். பால்கனிக்குப் போவேன், கீழே பார்ப்பேன், உள்ளே வருவேன். கீழே ஒருவர் தள்ளுவண்டியில் மக்காச்சோளம் சுட்டுக்கொண்டிருப்பார். மிளகாய்ப்பொடியும் எலுமிச்சையும் தடவித் தருவதுகூட நம் ஊர் மாதிரியேதான். ஆனால் இறங்கிப் போய் ஒன்று வாங்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. லிப்டில் யாராவது ஏறிப் பேச்சுக் கொடுத்தால் என்ன செய்வது?

"ஏம்மா, உக்காரவே மாட்டியா?" என்பாள் மகள். "நீ நடக்கறதப் பாத்தா எனக்குத் தல சுத்துது."

"உக்காந்து என்ன கண்ணு பண்றது?"

அவள் போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். நான் மறுபடி பால்கனிக்குப் போனேன்.

மகள் இழுத்தால் மட்டும் வெளியே போனேன். சூப்பர் மார்க்கெட், பக்கத்துப் பூங்கா, ஒரு பெரிய கடைக் கட்டடம். எங்கே போனாலும் எல்லோரும் மரியாதையாகச் சிரித்தார்கள். காவலாளி கரிபு, கல்லாவில் இருந்த பெண் கரிபு, பூங்காவில் டிக்கெட் கிழித்தவர் கரிபு. நானும் தலையை ஆட்டி ஆட்டி வைத்தேன். ஒறம்பரை என்று சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் முதல் நாள் நன்றாகத்தான் இருக்கும். அடுப்படிப் பக்கம் விட மாட்டார்கள், ஒரு டம்ளரைக் கழுவப் போனாலும் பிடுங்கிக்கொள்வார்கள், மூன்றாம் நாள் நம் வீட்டுக்குப் போனால் போதும் என்றாகிவிடும். எனக்கு இந்த ஊர் முழுவதும் அப்படி ஒரு ஒறம்பரை வீடாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கணவருக்கு விடுமுறை. ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று மட்டாட்டு என்கிற தனியார் மினிபஸ்ஸில் ஏற்றினார். உடம்பெல்லாம் படம் வரைந்த பஸ். பாட்டு காதைப் பிளந்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு தகரத்தைத் தட்டித் தட்டி ஆள் கூப்பிட்டான்.

"பல்லடம் பஸ்ஸு மாதிரியே இருக்குதல்லோ?" என்றார் கணவர், அவரே அந்தப் பஸ்ஸை வாங்கி விட்டவர் மாதிரி.

"ஆமாங்க" என்றேன்.

எனக்கு முன் இருக்கையில் ஒருவர் சாம்பல் நிற டீசர்ட் போட்டிருந்தார். இடது தோளில் ஓவர்லாக் தையல் இரண்டு அங்குலம் விட்டிருந்தது. பஸ் குலுங்கும்போதெல்லாம் அது வாயைத் திறந்து மூடியது. நான் வேறு பக்கம் பார்க்க முயன்றேன். வானுயர்ந்த கட்டடங்கள் வந்தன, பெரிய மசூதி வந்தது, மதில் மதிலாகக் காகிதப்பூ பூத்துக் கிடந்தது. கணவர் ஒவ்வொன்றாகக் கை நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தார்.

மகள் என் காதோரம் குனிந்தாள். "அம்மா, அந்தாளு முதுகையே பாத்துட்டு வர்ற."

"தோள்ல தையல் உட்டிருக்குது கண்ணு."

"உட்டா உடட்டும். நீ என்ன, எறங்கச் சொல்லித் தெச்சுக் குடுக்கப் போறியா?"

கணவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அந்த ஆள் இறங்கிப் போகும்வரை என் கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

திரும்பி வந்து காப்பி குடிக்கும்போது அவர் கேட்டார். "எப்புடி புள்ள?"

"ஊரு நல்லாத்தானுங்க இருக்குது."

அவருக்கு என்னைத் தெரியும். நான் ஒரு பொருளை நல்லாத்தான் இருக்குது என்று சொன்னால் அதை வாங்க மாட்டேன் என்று அர்த்தம். "செரி" என்று எழுந்து போய், ஒழுகாத குழாய் ஒன்றை ஸ்பேனர் வைத்து முறுக்க ஆரம்பித்தார். வெகு நேரம் முறுக்கினார்.

திங்கட்கிழமைதான் அது நடந்தது.

மகளுக்குக் குளிருக்கு ஒரு ஜாக்கெட் வேண்டும். இருபது நிமிடம் நடந்தால் ஒரு சந்தை இருக்கிறது, பழைய துணிகள் நன்றாகக் கிடைக்கும் என்று கணவர் சொல்லியிருந்தார். வெளிநாடுகளில் உடுத்திக் கழித்த துணிகள் மூட்டை மூட்டையாகக் கப்பலில் இங்கே வந்து இறங்குகின்றன. அவற்றைப் பிரித்துத் தரம் பார்த்து, பலகைமேல் குவித்து வைத்து விற்கிறார்கள். செம்மண் சேறு, அதன்மேல் போட்ட பலகைகள், மேலே நீலத் தார்ப்பாய், இரண்டு பக்கமும் துணிக் குவியல்கள். கூவி விற்கிறவர்கள், குவியலுக்குள் கையை விட்டுக் கிளறுகிறவர்கள். நுழைந்த உடனே எனக்கு அந்த வாசனை அடித்தது. மூட்டைக்குள் அழுத்தி வைத்த பின்னல் துணியின் வாசனை. ஊரை விட்டு வந்த பிறகு முதன்முறையாக மூச்சை இழுத்து விட்டேன்.

மகள் ஒரு ஜாக்கெட் கடையில் நின்றுவிட்டாள். போட்டுப் பார்ப்பதும் போனில் படம் எடுத்துத் தோழிகளுக்கு அனுப்புவதும் அவர்களிடமிருந்து பதில் வருவதுமாக இருந்தது. "அம்மா, நீ இங்கயே நில்லு, எங்கயும் போயறாத" என்றாள்.

நான் நின்ற இடம் பக்கத்துக் கடையின் டீசர்ட் குவியல். கடைக்காரப் பெண் பலகையின் மறுகோடியில் இருந்தார். என் வயதுதான் இருக்கும். பருத்த உடம்பு, தலையில் மஞ்சள் துணி, முன்பக்கம் பை வைத்த ஏப்ரன். இரண்டு பேருக்கு ஏதோ விலை சொல்லிக்கொண்டிருந்தார்.

மேலே கிடந்த ஒரு நீலக் கோடு போட்ட டீசர்ட்டை எடுத்தேன். லேபிளைப் பார்க்கலாம் என்றுதான். மேட் இன் இந்தியா என்று இருந்தது. எங்கள் கம்பெனியில் போனது என்று சொல்ல மாட்டேன், திருப்பூரில் எத்தனையோ கம்பெனி. ஆனால் அந்தக் கழுத்து ரிப்பும் தோளில் வைத்துத் தைத்த டேப்பும் என் கைக்குப் பழகியவை. உட்புறம் திருப்பினேன். அக்குள் பக்கம் ஒரு சின்ன ஓட்டை. மகள் வந்ததும் காட்டலாம் என்று கைப்பையிலிருந்து ஒரு பொட்டை எடுத்து ஓட்டைக்குப் பக்கத்தில் ஒட்டி, இடதுபக்கம் வைத்தேன்.

அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். அடுத்ததை எடுத்தது எனக்கு நினைவில்லை. அதற்கடுத்ததும். கை தன் பாட்டுக்குப் போனது. திருப்பு, விரலை ஓட்டு, பொட்டு, இடதுபக்கம். திருப்பு, பிசிர் வெட்டு, வலதுபக்கம். இரண்டு துணி காலர் கிழிந்து உதவாமல் கிடந்தன, அவற்றைப் பலகைக்குக் கீழே போட்டேன். பின்னால் ஆட்கள் நின்று வேடிக்கை பார்ப்பதும் எனக்குத் தெரியவில்லை. இருபது பீஸ் பார்த்திருப்பேன். ஒரு குழந்தைச் சட்டையின் அடி மடிப்பில் நூல் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. டிரிம்மரால் வெட்டி, நுனியைப் பிடித்து இழுத்தேன்.

அது பேட்லாக் தையல். அதில் வெட்டக் கூடாத நூலை வெட்டி இழுத்தால் சரசரவென்று முழுவதும் பிரிந்து கையோடு வந்துவிடும். செக்கிங்குக்கு வந்த முதல் வாரமே சொல்லிக் கொடுக்கிற விஷயம். புதுத் துணியில் நுனியைக் கட்டியிருப்பார்கள். இது பலமுறை துவைத்து நைந்த துணி என்பதை நான் மறந்துவிட்டேன். ஒரு நொடியில் சட்டையின் அடி முழுவதும் அவிழ்ந்து தொங்கியது.

"வாட் ஆர் யூ டூயிங்!"

கடைக்காரப் பெண் என் முன்னால் நின்றார். அதன்பிறகு அவர் பேசியதில் ஒரு வார்த்தையும் புரியவில்லை, ஆனால் சொல்ல வந்தது அவ்வளவும் புரிந்தது. நல்ல பக்கம் தெரியும்படி அடுக்கி வைத்திருந்த குவியலை நான் புரட்டிப் போட்டு, ஓட்டையை எல்லாம் தேடி எடுத்து, சிவப்பு வட்டம் ஒட்டி, வருகிறவர்களுக்கு விளம்பரம் செய்து வைத்திருக்கிறேன். ஒரு துணியைத் தூக்கி என் முகத்துக்கு நேராக ஆட்டினார். பொட்டைக் காட்டினார். என் நெற்றியைக் காட்டினார். என் கையிலிருந்த டிரிம்மரைக் காட்டினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டீசர்ட் வாங்க வந்த ஒருவர் பொட்டு ஒட்டியதைத் திருப்பிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போனார். அதைப் பார்த்ததும் கடைக்காரப் பெண்ணுக்கு இன்னும் கோபம் ஏறிவிட்டது.

மகள் ஓடி வந்தாள். "என்னம்மா பண்ணி வெச்ச? ஐயோ, பொட்டா? பொட்டயா ஒட்டி வெச்ச? வாம்மா, போயறலாம், எல்லாரும் பாக்கறாங்க!"

எனக்கும் ஓடிவிட வேண்டும்போலத்தான் இருந்தது. காது சுட்டது. ஆனால் அந்தப் பெண் திட்டுகிற விதம் இருக்கிறதே, ஒரு கை இடுப்பில், மறுகையில் துணி, மூச்சு விடாமல். எங்கள் சூப்பர்வைசர் அக்கா "கண்ணு என்ன பொடனிலயா இருக்குது?" என்று நிற்பது அப்படியேதான். அந்தத் திட்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பதில் பேசாமல் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும்.

பலகையின் ஓரத்தில் சாய்ந்து, முதல் துணியை எடுத்து, பொட்டை உரித்து, நல்ல பக்கம் திருப்பி மடித்து வைத்தேன். பிறகு அடுத்தது. நான் பேக்கிங்கிலும் இருந்திருக்கிறேன். அட்டை வைக்காமலே எல்லாத் துணியும் ஒரே அளவில் வரும். அவர் இன்னும் திட்டிக்கொண்டிருந்தார், ஆனால் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. நான் உரித்துப் போட்ட பொட்டுகளை அவரே பொறுக்கித் தார்ப்பாய் கட்டிய கம்பில் வரிசையாக ஒட்டினார், ஏதோ சாட்சிக்கு வைப்பதுபோல. ஏழெட்டுத் துணி ஆனதும் காலால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். நான் உட்கார்ந்தேன். மகள் சற்றுத் தள்ளி, எனக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி, வேறு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைசியில் அவிழ்ந்த குழந்தைச் சட்டை மட்டும் மிஞ்சியது. அதைக் காட்டி, என்னைக் காட்டி, ஊசியால் தைப்பதுபோல் காற்றில் கையை ஆட்டினேன். "ஆல்டர்" என்றேன். "டுமாரோ டெலிவரி." எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவும் கம்பெனி இங்கிலீஷ்தான். அவர் சட்டையைச் சுருட்டி என் மடியில் எறிந்தார்.

வீடு வரும்வரை மகள் எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள். ஜாக்கெட்டும் வாங்கவில்லை. மாலையில் அப்பா வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"அப்பா, நான் இங்க படிக்கலைங்கப்பா. ஊருக்கே போயிக்கறோம். அந்த மார்க்கெட் வழியாத்தான ஸ்கூலு? அங்க இருக்கறவங்க எல்லாருக்கும் இப்ப அம்மாவத் தெரியும்."

கணவருக்கு முதலில் பயம்தான் வந்தது. "டிரிம்மரக் கையில வெச்சுட்டா நின்ன? போலீசு கீலீசுன்னு ஆயிருந்தா? கம்பெனிக்குக் கம்ப்ளைன்ட் வந்தா நான் என்ன புள்ள சொல்றது?" என்று குதித்தார். பொட்டு ஒட்டியதை மகள் மறுபடி சொன்னபோது முகம் ஒரு மாதிரி கோணியது. அடக்கப் பார்த்தார். முடியவில்லை. ஒரு ஷூவோடு சோபாவில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"சிரிக்காதீங்கப்பா! ஊருக்குப் போறோம், அவ்வளவுதான்."

அவர் சிரிப்பு மெதுவாக நின்றது. "செரி சாமி" என்றார். என்னைப் பார்த்தார். "நீயும் அதான சொல்லப் போற? ரெண்டு பேருக்கும் ஒரே முடிவாப் போச்சு. எனக்கு லேசாப் போச்சு." லேசாகப் போனவர் மாதிரி அவர் குரல் இல்லை.

நான் குழந்தைச் சட்டையைச் சன்னல் வெளிச்சத்தில் வைத்து நூல் நிறம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய் முழுவதும் கொட்டித் தீர்த்தது மழை. மகள் பெட்டி அடுக்கினாள். நான் தைத்துக் கொண்டுவந்த துணிப் பைகளை எல்லாம் மடித்து அடியில் வைத்தாள். நான் சட்டையைத் தைத்தேன். பின்னல் துணியைக் கையால் தைப்பது சுலபமில்லை. இறுக்கித் தைத்தால் துணி இழுபடும்போது நூல் அறுந்துவிடும், தளர்த்தித் தைத்தால் மடிப்பு தொங்கும். ஒரு முறை தைத்துப் பிரித்து மறுபடி தைத்தேன். அன்று சன்னல் துடைக்கவில்லை என்பது சாயங்காலம்தான் நினைவுக்கு வந்தது.

புதன்கிழமை காலை மழை விட்டிருந்தது. "அந்தச் சட்டையக் குடுத்துட்டு வந்தர்லாம் கண்ணு" என்றேன்.

"நான் வரமாட்டேன். தூக்கிப் போட்டுட்டு வேலையப் பாரும்மா. நாளைக்கு இந்நேரம் ஏர்போர்ட்டுல இருப்போம்."

"டெலிவரி சொல்லிட்டேன்."

"நேத்தைக்குன்னு சொன்ன டெலிவரி!"

அதுதான் எனக்கும் உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு நாள் தாமதம். செருப்பைப் போட்டுக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். லிப்டில் இரண்டாவது மாடியில் ஒருவர் ஏறி ஏதோ கேட்டார். சாவா என்றேன். அவர் என்ன கேட்டார் என்று இன்றுவரை தெரியாது. கேட்டில் காவலாளி எனக்குப் பின்னால் மகளைத் தேடினார். நான் மட்டும்தான் என்று தெரிந்ததும் அவரே சாலைவரை வந்து, கை காட்டி வண்டிகளை நிறுத்தி, என்னைக் கடத்திவிட்டார். சந்தைக்கு ஒரு சந்து முன்னாலேயே திரும்பி, இரும்புக் கடைகளுக்கு நடுவே போய் நின்று, திரும்பி வந்தேன். யாரிடமும் வழி கேட்கவில்லை. பின்னல் துணி வாசனை வந்த பக்கமாக நடந்தேன்.

தூரத்தில் பார்த்ததுமே அந்தப் பெண் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுத் தன் நெற்றியைத் தொட்டு என்னைக் காட்டினார். இரண்டு பக்கமும் சிரிப்பு. நான் சட்டையை நீட்டினேன். அவர் சிரிப்பை நிறுத்தி அதை வாங்கினார். உட்புறம் திருப்பினார். இரண்டு கையாலும் அடி மடிப்பைப் பிடித்து, இங்கே ஒரு இழுப்பு, அங்கே ஒரு இழுப்பு, அங்குலம் அங்குலமாகச் சுற்றி வந்தார். எனக்கு வேர்த்துவிட்டது. பத்தொன்பது வருடம் அடுத்தவர் தையலை நான் பார்த்திருக்கிறேன். என் தையலை ஒருவர் இப்படி நின்று பார்த்ததில்லை.

பக்கத் தையல் வந்து சேரும் இடத்தில் அவர் கட்டைவிரல் நின்றது. ஒரு தையல் தாவியிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். கையை நீட்டி, தார்ப்பாய்க் கம்பிலிருந்து என் பொட்டு ஒன்றை உரித்து, அந்த இடத்தில் ஒட்டி, சட்டையைத் திருப்பி என் கையில் கொடுத்தார்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவர் பொத்தாமல் சிரித்தார், உடம்பெல்லாம் குலுங்க. அதே ஸ்டூல் வந்தது. பையில் ஊசி நூல் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தேன். மறுபடி இழுத்துப் பார்த்துவிட்டுக் குவியலில் மேலாக வைத்தார். நான் எழுந்தபோது பலகைக்கு அடியிலிருந்து நாலைந்து துணிகளை இழுத்தார். தையல் விட்டவை, நான் அன்று கீழே போட்ட காலர் கிழிந்த இரண்டும் அதில் இருந்தன. ஒரு மூட்டையாகக் கட்டி நீட்டினார்.

"ஆல்டர்" என்றார், என்னை மாதிரியே. "ஃபிரைடே. சாவா?"

"சாவா" என்றேன்.

பாதி வழி வந்த பிறகுதான் நாளைக்கு விமானம் என்பது நினைவுக்கு வந்தது. சாலையோரம் நின்றேன். திரும்பிப் போய்க் கொடுத்துவிடலாம். நாளைக்கு ஊருக்குப் போகிறேன் என்பதைச் சைகையில் எப்படிச் சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். கையை இறக்கை மாதிரி விரித்தால் போதும், சுலபம்தான். ஆனாலும் நான் திரும்பிப் போகவில்லை. சன்னல் ஓரத்து இடம் கண் முன்னால் வந்தது. ட்யூப்லைட், மேஜையில் என் முழங்கை பட்டுப் பட்டு வழவழப்பான அந்த இடம். மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

மாலையில் வந்த கணவர், அடுக்கி வைத்த பெட்டிமேல் மூட்டை இருப்பதைப் பார்த்தார். "இதென்ன புள்ள? பழைய துணிய எல்லாம் ஊருக்குக் கொண்டுட்டுப் போறியா?"

"இல்லீங்க. தெச்சுக் குடுக்கோணும். அந்தக் கடைக்காரங்களுக்கு."

"எப்பக் குடுக்கோணும்?"

"வெள்ளிக்கிழமைங்க."

உள்ளறையிலிருந்து மகள் தலையை நீட்டினாள். "வெள்ளிக்கிழமையா? அம்மா, நாளைக்குப் பிளைட்டும்மா!"

"தெரியும் கண்ணு. டெலிவரி சொல்லிட்டேன்."

நான் கைப்பையின் உள் ஜிப்பைத் திறந்து, டிக்கெட்டை எடுத்து அவரிடம் நீட்டினேன். தொட்டுத் தொட்டு மடிப்பில் நைந்திருந்தது. "லீவு முடியறதுக்கு இன்னும் நாளிருக்குதுங்க. கேட்டுப் பாருங்க, மாத்துவாங்களான்னு. மாத்தலைன்னா..."

"மாத்தலைன்னா?"

"சூப்பர்வைசர் அக்காவுக்குப் போன் பண்ணிச் சொல்லீர்றேன். அந்த எடத்துல வேற ஆள உக்கார வெச்சுக்கட்டும்."

அவர் தாளை விரித்து, விளக்குப் பக்கம் பிடித்துப் படிப்பதுபோல் நின்றார். படிக்கவில்லை என்று தெரிந்தது, தலைகீழாகப் பிடித்திருந்தார்.

"நான் அந்த மார்க்கெட் வழியாப் போகவே மாட்டேன்" என்றாள் மகள். "அந்த ஸ்கூல்ல சேத்தாலும் சுத்தித்தான் போவேன். சொல்லிட்டேன்."

"சுத்தியே போ சாமி" என்றார் அவர். "சோபாவுல இருக்கற பெட்டிய எறக்கு. அம்மாவுக்கு எடம் வேணும்."

மகள் முணுமுணுத்துக்கொண்டே பெட்டியைக் கீழே இறக்கினாள். நான் மூட்டையை அவிழ்த்து, முதல் சட்டையை எடுத்து உட்புறம் திருப்பினேன்.